தொன்னை இலைக்கொடி

வட கரோலினாவில் வாரயிறுதித் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



அழைப்பிதழில் 'கரோலினாவின் காட்டுமலர்கள்' என்று போட்டிருக்கிறார்கள். தலைப்பு பெரிது. நான் பேசப்போவது ஒரே ஒரு கொடியைப் பற்றி. அதையும் அதன் அழகிலிருந்து தொடங்க எனக்கு யோக்கியதை இல்லை. நான் அதை வெட்டிப் போட்டதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன் நான். மாணவர்கள் காய்ந்த செடியைத் தாளில் ஒட்டிக் கீழே பெயர் எழுதிக் கொண்டுவருவார்கள். தப்பாக இருந்தால் சிவப்பு மையால் அடிப்பேன். அப்படிப்பட்டவன் போன வருஷம் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஜனவரி மாதம். பக்கத்துப் பூங்கா ஒன்றில் சனிக்கிழமை களையெடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். வீட்டுக்குள் ஹீட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதற்கு இது மேல் என்று போனேன். கையுறையும் கத்தரியும் கொடுத்தார்கள். பொறுப்பாக இருந்த அம்மாள் ஒரு கொடியைக் காட்டி, "இதுதான் ஜப்பானிய ஹனிசக்கிள், கண்ணில் பட்டால் எடுத்துவிடுங்கள்" என்றார். நானும் பார்த்துக்கொண்டேன். கணுவுக்கு இரண்டு இலை, எதிரெதிரே. தண்டு தானே சுற்றி ஏறுகிறது. முதிர்ந்த தண்டில் பட்டை காகிதம் மாதிரி உரிகிறது. சுற்றிலும் மரமெல்லாம் மொட்டையாக நிற்க, இது மட்டும் பச்சை. போதாதா? வேலியோரம் பதினைந்து அடியைத் துப்புரவாக வழித்துவிட்டுப் பாராட்டுக்காக நின்றேன்.

அந்த அம்மாள் வந்தார். நான் குவித்து வைத்திருந்ததில் ஒரு கிளையை எடுத்து, இலையைத் திருப்பினார். திருநீற்றைக் குழைத்துப் பூசிக் காய்ந்தது மாதிரி அடிப்புறம் வெளுத்து, அதில் லேசாக நீலம் ஓடியிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இதன் அடிக்கட்டை எங்கே இருக்கிறது, காட்ட முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

நான் வெட்டியது வந்தேறிக் கொடியை அல்ல. அந்த வேலியில் மிச்சமிருந்த உள்ளூர்க் கொடியை.

உள்ளூர்க் கொடிக்கு இங்கே இரண்டு பெயர்: கோரல் ஹனிசக்கிள், ட்ரம்பெட் ஹனிசக்கிள். ஏட்டுப் பெயர் லோனிசெரா செம்பர்வைரன்ஸ். 1753இல் லின்னேயஸ் வைத்தது. லோனிசெரா என்பது ஆடம் லோனிட்சர் என்ற ஜெர்மானிய வைத்தியரின் நினைவாக. ஃபிராங்ஃபர்ட்டில் இருந்தவர், மூலிகை நூல் எழுதியவர், 1586இல் காலமானவர். செம்பர்வைரன்ஸ் என்றால் எப்போதும் பசுமையானது. வடக்கே போகப் போகக் குளிருக்கு இலையைக் கொட்டிவிடும். நம்முடைய இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் வைத்துக்கொண்டிருக்கும். அந்தப் பசுமைதான் ஜனவரியில் என்னைக் கவிழ்த்தது. கனெக்டிகட் பக்கத்திலிருந்து ஃப்ளோரிடா வரை, மேற்கே டெக்சாஸ் வரை இதன் சொந்த ஊர்.

மற்றதன் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். லோனிசெரா ஜப்போனிக்கா. 1806இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் அழகுக்கொடியாக வந்து இறங்கியது. 1862இல் ஜார்ஜ் ஹால் என்ற மருத்துவர் இன்னும் வீரியமான ரகம் ஒன்றைக் கொண்டுவந்தார். இன்றும் அவர் பெயரிலேயே விற்கிறார்கள். பிறகு சாலையோரச் சரிவுகளில் மண் அரிக்காமல் இருக்க என்று நட்டார்கள், மானுக்குத் தீவனம் என்று நட்டார்கள். தரையில் ஓடும்போதே கணுவுக்குக் கணு வேர் விடும் கொடி அது. இளமரத்தைச் சுற்றினால் கழுத்தை இறுக்கிவிடும். நம் ஊர் உண்ணிச்செடியை நினைத்துக்கொள்ளுங்கள். அது இந்த அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் பக்கம் அழகுச்செடியாக வந்து முதுமலைக் காட்டை நிரப்பியது. இது கிழக்கிலிருந்து இங்கே வந்து கரோலினாவை நிரப்பியது. கணக்கு நேராகிவிட்டது என்று யாரோ பின்வரிசையில் சொல்வது கேட்கிறது. ஆனால் அந்தக் கொடி மேல் எனக்குக் கோபம் கிடையாது. சீனாவில் அதைத் தங்கவெள்ளிப் பூ என்பார்கள். வெள்ளையாக மலர்ந்து மஞ்சளாக முதிர்வதால் அந்தப் பெயர். அங்கே அது மருந்து.

சரி, எப்படிப் பிரித்து அறிவது? பூத்திருக்கும்போது என்ன கஷ்டம் என்பீர்கள். உள்ளூர்க் கொடியின் பூ சிவப்பு, உள்ளே மஞ்சள், ஒன்றரை இரண்டு அங்குல நீளத்துக்கு ஒல்லியான நாதஸ்வரம் மாதிரி. ஜப்பானியக் கொடியின் பூ வெள்ளை, பிறகு மஞ்சள். நிறத்தைப் பார்த்தால் முடிந்தது வேலை.

முடியவில்லை. உள்ளூர்க் கொடியிலேயே முழு மஞ்சளாகப் பூக்கும் வடிவம் ஒன்று உண்டு. வர்ஜினியாவின் க்ளாஸ்டர் வட்டாரத்தில் கிடைத்த அப்படிப்பட்ட ஒன்றைத் தோட்டக்காரர்கள் ஜான் க்ளேட்டன் என்ற பெயரில் வளர்க்கிறார்கள். க்ளேட்டன் அந்த வட்டாரத்தில் அரசு எழுத்தராக இருந்தவர். கோப்பு எழுதிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் செடி சேகரித்தவர். அவர் அனுப்பிய செடிகளை வைத்துத்தான் லெய்டனில் இருந்த க்ரோனோவியஸ் 1739இல் வர்ஜினியாவின் தாவரநூலை வெளியிட்டார். அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே பெரிய காரியம் செய்தவர்கள் நம் ஊரில் மட்டும் இல்லை. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஜப்பானியக் கொடியிலும் பூவின் வெளிப்புறம் செவ்வூதாவாக இருக்கும் ரகம் உண்டு. ஆக, மஞ்சளும் சிவப்பும் இரண்டு பக்கமும் இருக்கிறது. நிறம் சாட்சி சொல்லாது. தவிர, வருஷத்தில் பாதிக்கு மேல் பூவே இருக்காது. நான் கத்தரியோடு போனது அந்தப் பாதியில்தான்.

பூவில் நிறத்தை விட்டுவிட்டு, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஜப்பானியப் பூ ஜோடி ஜோடியாக, இலை தண்டோடு சேரும் கக்கத்தில் வரும். கொடி நீளத்துக்கும் வந்துகொண்டே இருக்கும். பூவின் வாய் இரண்டாகப் பிளந்திருக்கும்: மேலுதட்டில் நான்கு மடல், கீழுதட்டில் ஒன்று. உள்ளூர்ப் பூ கிளையின் நுனியில் மட்டும், அடுக்கடுக்காக வளையம் கட்டி நிற்கும். வாயில் ஐந்து சிறு மடல்கள், ஏறக்குறைய ஒரே அளவு. பழம் வரும் காலத்தில் உள்ளூர்க் கொடியில் நுனியில் சிவப்புக் கொத்து, ஜப்பானியத்தில் கக்கத்தில் கறுப்பு மணிகள். எந்தப் பழத்தையும் வாயில் வைக்க வேண்டாம்.

இனி, என் பேத்தி எனக்குக் காட்டிக் கொடுத்ததைச் சொல்கிறேன். போன ஏப்ரலில் இரண்டு பேரும் நியூஸ் ஆற்றங்கரைப் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். ஜனவரிக் குற்றத்துக்குப் பிறகு நான் எந்தக் கொடியையும் திருப்பிப் பார்க்காமல் நகர்வதில்லை. அவளுக்கு ஏழு வயது. ஒரு கம்பிவேலியில் சிவப்பாகப் பூத்திருந்ததைப் பார்த்து நின்றாள். "தாத்தா, இந்தத் தண்டு இலையைக் குத்திட்டு வெளியே வந்திருக்கு" என்றாள்.

குனிந்து பார்த்தேன். பூங்கொத்துக்கு நேர் கீழே இருந்த இலை ஜோடி தனித்தனி இலையாக இல்லை. இரண்டின் அடியும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே வட்டத் தட்டாகி, அதன் நடுவைத் துளைத்துக்கொண்டு தண்டு மேலே போயிருந்தது. கோயிலில் பிரசாதம் வாங்கும் தொன்னையின் அடியில் குச்சியைச் செருகினால் எப்படி இருக்கும், அப்படி. விளிம்பில் கையை வைத்து ஓட்டினால் எங்கே ஓர் இலை முடிந்து மற்றது தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. தட்டின் மேலே ஒரு சொட்டுப் பனிநீர்கூட நின்றது. தொன்னை இலை என்று அன்றைக்கு நாங்கள் வைத்த பெயர்தான் இன்றைய பேச்சுக்குத் தலைப்பு. அழைப்பிதழ் அச்சடித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஒட்டிய இலை ஜப்பானியக் கொடியில் வராது. அதனால் தொன்னையைப் பார்த்தால் கத்தரியைப் பைக்குள் போட்டுவிடலாம். வட அமெரிக்காவின் மற்ற உள்ளூர் ஹனிசக்கிள் கொடிகள் பலவற்றுக்கும், மேற்குக் கரையில் ஆரஞ்சு நிறத்தில் பூப்பது உட்பட, இதே தொன்னை உண்டு.

ஆனால் இதைத் தலைகீழாகப் போட்டுவிடாதீர்கள். தொன்னை இருந்தால் ஜப்பானியக் கொடி அல்ல என்பது சரி. தொன்னை இல்லாவிட்டால் ஜப்பானியக் கொடி என்பது தப்பு. ஒட்டிய இலை பூக்கும் கிளையின் நுனியில் ஒன்று இரண்டு ஜோடிதான் வரும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் சாதாரண, தனித்தனி இலை. நிழலில் பூக்காமல் தரையில் ஓடிக்கொண்டிருக்கும் கொடியில் தொன்னை ஒன்றுகூட இருக்காது. முதல்நாள் வகுப்பில் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஓர் அடையாளம் இருப்பது சாட்சி, இல்லாதிருப்பது சாட்சி ஆகாது. சொன்னவனே ஜனவரியில் மறந்தான்.

பூவும் இல்லை, தொன்னையும் இல்லை என்றால் என்ன செய்வது? இலையைத் திருப்புங்கள். உள்ளூர்க் கொடியின் அடிப்புறம் வெளுத்திருக்கும் என்றேன். அது மேலே படிந்த மெழுகுப் பூச்சு. பிறகு இளந்தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். உள்ளூர்க் கொடி வழுவழு என்று இருக்கும். ஜப்பானியத்தின் இளந்தண்டில் மெல்லிய மயிர் இருக்கும். அதன் இலையின் அடியும் பச்சைதான். கண் மங்கியவர்களுக்கு விரல் போதும். எனக்கு இப்போது விரல்தான். வசந்தத்தில் ஜப்பானியக் கொடியின் புதுத்தளிரில் இன்னொரு வேடிக்கை பார்க்கலாம். சில இலைகள் ஓக் இலை மாதிரி விளிம்பு வளைந்து வளைந்து வரும். அதே கொடியில் மேலே போனால் இலை ஓரம் நேராகிவிடும். ஒரே செடியா என்று சந்தேகம் வரும். ஒரே செடிதான்.

தண்டை ஒடித்துப் பார், உள்ளே பொள்ளலாக இருந்தால் வந்தேறி என்று சிலர் சொல்வார்கள். அது ஆமூர் ஹனிசக்கிள் போன்ற புதர் வகைகளுக்குச் சொன்னது. கொடிகளுக்கு அதை நான் நம்புவதில்லை.

சிவப்புக் குழல் பூ என்றாலே இந்தக் கொடி என்றும் முடிவு கட்ட வேண்டாம். இங்கே நம் பாட்டிமார் அறிவு கைகொடுக்கும். கொடி எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். பாகல் பற்றுக்கம்பியால் பிடித்து ஏறும். வெற்றிலையும் மிளகும் கணுவில் வேர் விட்டு ஒட்டிக்கொண்டு ஏறும். அவரை தண்டையே சுற்றி ஏறும். இந்த மூன்று வழியும் கரோலினாக் காட்டிலும் உண்டு. ட்ரம்பெட் க்ரீப்பர் என்று ஒன்று பெரிய ஆரஞ்சுச் சிவப்புப் பூவோடு ஜூலையில் மின்கம்பத்தில் ஏறியிருக்கும். அது வெற்றிலைக் கட்சி, இலையும் வேப்பிலை மாதிரி பல சிற்றிலையாகப் பிரிந்திருக்கும். க்ராஸ்வைன் என்பது பாகல் கட்சி: இரண்டு சிற்றிலைகளுக்கு நடுவில் பற்றுக்கம்பி. ஹனிசக்கிள் அவரைக் கட்சி. ஏறுவதற்கு வேரும் விடாது, கம்பியும் நீட்டாது, தண்டுதான் சுற்றும். ஆகையால் பெரிய அடிமரத்தில் நேரே ஏற அதனால் முடியாது. சின்னக் கொம்பு, வேலிக் கம்பி, புதர் வேண்டும். வெற்றிலைக் கட்சியில் பாய்சன் ஐவியும் இருக்கிறது. மூன்று சிற்றிலை. குளிர்காலத்தில் இலை இல்லாவிட்டாலும், மரத்தோடு ஒட்டிய தேங்காய்நார்க் கயிறு மாதிரி தண்டில் வேர் அடர்ந்திருக்கும். அந்தக் கயிற்றைத் தொட்டாலும் தோல் கொப்பளிக்கும். கொடி தேடிப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

அதைவிட எனக்குப் பயம் தருவது வேறொன்று. இதைச் சொல்லத்தான் இந்த அழைப்பையே ஒப்புக்கொண்டேன்.

நாமெல்லாம் சின்ன வயதில் இட்லிப்பூவில் தேன் குடித்தவர்கள். கொத்திலிருந்து ஒரு பூவை உருவி, குழலின் அடியைக் கிள்ளி, உள்ளே இருக்கும் நூலை மெதுவாக இழுத்தால் நுனியில் ஒரு சொட்டு வரும். நாக்கில் வைத்தால் இனிப்பா இல்லையா என்று தெரிவதற்குள் தீர்ந்துபோகும். அதனால் அடுத்த பூ. இந்த ஊர்ப் பிள்ளைகள் ஹனிசக்கிள் பூவில் செய்வதும் இதேதான், அதே கிள்ளல், அதே நூல். உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளித் தோழர்கள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், இல்லையென்றால் நீங்களே இட்லிப்பூ ஞாபகத்தில் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்.

இதே காட்டு விளிம்பில், பிப்ரவரி மார்ச்சிலேயே, மஞ்சள் பூவோடு இன்னொரு கொடி மரத்தில் தொங்கும். கரோலினா ஜெசமின். தென் கரோலினாவின் மாநிலப் பூ, 1924இலிருந்து. பெயரில்தான் மல்லிகை, மல்லிகைக்கும் அதற்கும் உறவில்லை. எதிரெதிர் இலை, சுற்றிக்கொண்டு ஏறும் தண்டு, குளிரிலும் பச்சை, குழல் பூ, நல்ல வாசனை. ஏட்டுப் பெயரில்கூட அதே சொல்தான்: ஜெல்செமியம் செம்பர்வைரன்ஸ். வேர் முதல் பூ வரை எல்லாமே நஞ்சு. எட்டிக்கொட்டையில் இருக்கும் நஞ்சுக்குச் சொந்தக்கார ரசாயனங்கள் அதில் இருக்கின்றன. ஹனிசக்கிள் என்று நினைத்து அதன் பூவை உறிஞ்சிய குழந்தைகள் விஷம் ஏறித் துன்பப்பட்டது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. தேனீக்குக்கூட அதன் தேன் ஒத்துக்கொள்வதில்லை.

எப்படிப் பிரிப்பது? பூவின் அடியைப் பாருங்கள். ஹனிசக்கிளில் குழலுக்குக் கீழே, வெளியே, கடுகளவு பச்சை மணி ஒன்று உட்கார்ந்திருக்கும். அதுதான் சூற்பை. வகுப்பில் கீழ்மட்டச் சூற்பை என்று உருப்போட்டீர்களே, அது இதுதான். புல்லி இதழ் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. ஜெசமினில் ஐந்து பச்சைப் புல்லி இதழ்கள் தெளிவாகக் கிண்ணம் கட்டி நிற்கும். சூற்பை பூவுக்குள்ளே ஒளிந்திருக்கும். மஞ்சள் பூவை உருவிக் கீழே போட்டால், ஊசி மாதிரி சூலகம் கிண்ணத்திலேயே நிற்கும். பழமும் வேறு: சதைப்பழம் கிடையாது, தட்டையான காய்ந்த நெற்று. இலை ஒல்லி. தண்டு கம்பி மாதிரி, செம்பழுப்பு.

இவ்வளவையும் ஏழு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கக் கூடாது. எங்கள் வீட்டில் சட்டம் ஒன்றே: பெரியவர் பார்த்துச் சொல்லாத பூ வாய்க்குப் போகாது, மஞ்சள் பூ யார் சொன்னாலும் போகாது. தப்பி நடந்துவிட்டால் நச்சுத் தகவல் மையத்தின் நாடு தழுவிய எண் 1-800-222-1222. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

பறவையைச் சொல்லாமல் இந்தக் கொடியை முடிக்க முடியாது. பூவை முகர்ந்து பாருங்கள். சிவப்பில் வாசனை இல்லை. ஜப்பானிய வெள்ளைப் பூ மாலையில் மலர்ந்து தெருவையே மணக்க வைக்கும், ஏனென்றால் அது இருட்டில் அந்துப்பூச்சியைக் கூப்பிடுகிறது. சிவப்பு கூப்பிடுவது பகலில் வரும் ரீங்காரச்சிட்டை. சிட்டுக்கு வாசனை முக்கியமில்லை, நிறம் போதும். நம் தேன்சிட்டு மாதிரி காம்பில் உட்கார்ந்து குடிப்பதில்லை அது. மூன்று கிராம் உடம்பை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு அலகை நீட்டும். அதனால்தான் உள்ளூர்ப் பூவுக்குக் கீழுதடு நீண்டு வரவில்லை. உட்கார வருகிற விருந்தாளி இல்லை என்றால் திண்ணை எதற்கு? நடு அமெரிக்காவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் குளிர்காலம் கழித்து இந்தச் சிட்டு திரும்பும் ஏப்ரல் வாக்கில்தான் கொடியும் பூக்கிறது.

ஒரு சின்ன ஊர்க்கதை. நீலகிரி, பழனி மலைச் சோலைகளிலும் இதே லோனிசெரா பேரினத்தில் ஒரு கொடி உண்டு. 1816இல் புதுச்சேரிக்கு வந்திறங்கிய லெஷனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெயரைத் தாங்கியது. வெள்ளையாகப் பூத்து மஞ்சளாகும். ஊட்டிக்கு எத்தனையோ முறை மாணவர்களைக் கூட்டிப்போயிருக்கிறேன். "சார், இது காட்டுமல்லியா?" என்று ஒருவன் கேட்டபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அது எந்தச் செடி என்று இப்போது ஊகிக்க முடிகிறது. அவன் இப்போது எங்கே இருக்கிறானோ.

வெளியே மேசையில் மூன்று கிளைகள் வைத்திருக்கிறேன். முதல் இரண்டையும் கையில் எடுங்கள், திருப்புங்கள், தண்டை உருட்டுங்கள். மூன்றாவது கண்ணாடிப் புட்டிக்குள் இருக்கிறது, பார்க்க மட்டும்.

பூங்கா வேலியின் அடிக்கட்டையை அன்றைக்கு அந்த அம்மாள் ஒரு சிவப்பு நாடா கட்டி அடையாளம் வைத்தார். போன வசந்தத்தில் அதிலிருந்து மூன்று தளிர் வந்தது. இரண்டை மான் தின்றது. மிஞ்சிய ஒன்று இப்போது வேலியின் மேல்கம்பி வரைக்கும் ஏறிவிட்டது. நேற்றுக் காலை போய்ப் பார்த்தேன். நுனியில் ஒரு ஜோடி இலை ஒட்டியிருக்கிறது. அதற்கு மேலே நெல்மணி அளவில் மொட்டுகள், எண்ணினேன், ஆறு. பேத்தியிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை நடக்கப்போகும்போது அவளே பார்க்கட்டும். இப்போது பக்கத்து அறையில் உயிர்மெய் எழுத்து எழுதிக்கொண்டிருக்கிறாள், நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.